தொலைபேசி சர்வருக்கு ஒரே ஒரு விதிவிலக்கு

ஃப்ரிட்ஜும் ஏசியும் கெட்டுப்போனவர்கள் போன் செய்து திட்டுவதற்கென்று வங்காளத்தில், சால்ட் லேக்கில் ஓர் அலுவலகம் இருக்கிறது. நான் அங்கேதான் வேலை பார்க்கிறேன். ஒரு பெரிய கம்பெனிக்காகப் புகார்களைக் கேட்டு எழுதி மெக்கானிக்கை அனுப்புவது எங்கள் தொழில். அழைப்புகள் எல்லாம் இணையம் வழியாக வரும். அவற்றை வாங்கி நாற்பது மேஜைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் சர்வர் என் பொறுப்பு. அது ஒழுங்காக ஓடும்வரை நான் ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது.

ஒரு கோடையில் அந்தப் பெரிய கம்பெனி சென்னையிலிருந்து ஒரு தணிக்கையாளரை அனுப்பியது. முப்பது வயதிருக்கும், மரியாதையான மனிதர். கையில் நீளமான ஒரு படிவம். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ஆம், இல்லை என்று இரண்டே கட்டம். நான் தமிழ் என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. என் அப்பா துறைமுக வேலையில் மாற்றலாகி வந்து இங்கே பெஹாலாவிலேயே தங்கிவிட்டவர், என் தமிழில் பாதி வங்காளம் என்று முதலிலேயே சொல்லி வைத்தேன்.

எங்கள் சர்வர், அழைப்புகளைக் கொண்டுவந்து தரும் தொலைபேசி நிறுவனத்தோடு இணைய வேண்டுமானால் முதலில் அதன் முகவரியைக் கண்டுபிடிக்க வேண்டும். சர்வருக்குத் தெரிந்தது அந்த நிறுவனத்தின் பெயர் மட்டும்தான். பெயரைச் சொல்லி இணையத்தில் விசாரிக்கும், ஒரு முகவரி வரும், நம்பிக் கிளம்பிவிடும். நடுவில் எவனாவது பொய் முகவரியைச் சொன்னால் எங்கள் அழைப்பெல்லாம் அவன் வழியாகப் போய்வரும். வரும் பதிலில் அந்த நிறுவனத்தின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறதா, அது செல்லுமா என்று பார்த்த பிறகே நம்ப வேண்டும். எங்கள் சர்வர் அப்படிப் பார்க்கிறதா என்பது படிவத்தில் ஒரு கேள்வி. 'இல்லை' விழுந்தது.

எங்கள் மேலாளரை எல்லோரும் தாதா என்றுதான் கூப்பிடுவோம். வங்காளத்தில் அது அண்ணன். தமிழில் உள்ள அர்த்தமும் அவருக்குக் கொஞ்சம் பொருந்தும். இதில் என்ன ஆபத்து என்று அவர் கேட்கவில்லை. அறிக்கையில் 'இல்லை' என்பது என்ன நிறத்தில் அச்சாகும் என்று கேட்டார். சிவப்பு என்றேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதைச் செய் என்றார்.

இரண்டு நாளாயிற்று. பெயர்களை விசாரித்து, கையெழுத்தைச் சரிபார்க்கும் ஒரு மென்பொருளை சர்வரிலேயே நிறுவினேன். சோதனைக்கென்றே தப்பான கையெழுத்தோடு வைத்திருக்கும் ஒரு தளத்தின் பெயரைக் கேட்டுப் பார்த்தேன். மென்பொருள் முகவரி தர மறுத்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. திங்கட்கிழமை பத்து மணிக்கு அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தேன்.

கடைசியாகக் கிடைத்த முகவரியை சர்வர் ஒரு மணி நேரம் நினைவில் வைத்திருக்கும். அதனால் பதினோரு மணிவரை ஒன்றும் ஆகவில்லை. பதினோரு மணிக்கு நாற்பது மேஜைகளும் அமைதியாயின. ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு எல்லோரும் ஜால்முரி என்கிற காரப்பொரி வாங்கி வந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். அவசரமே இல்லை தீதி, நிதானமாகப் பாருங்கள் என்று அக்கா முறை வைத்து ஒருத்தி எனக்கும் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனாள்.

என் வேலையில் பிழை இல்லை. தொலைபேசி நிறுவனத்தின் கையெழுத்துதான் காலாவதியாகிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. செல்லாத கையெழுத்தை சர்வர் நம்ப மறுத்திருக்கிறது. அதாவது, நான் சொன்னதை அப்படியே செய்திருக்கிறது. என் சொந்த மொபைலிலிருந்து அந்த நிறுவனத்தை அழைத்தேன். அங்கிருந்த பொறியாளர், வேறு எந்த வாடிக்கையாளரும் புகார் சொல்லவில்லையே என்றார். வேறு யாரும் சரிபார்ப்பதில்லை, அதனால் தெரியவில்லை என்றேன். அப்படியானால் நீங்களும் சரிபார்க்காதீர்கள் என்றார். கேலியாகச் சொல்லவில்லை, உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

தாதாவிடம் விஷயத்தை விளக்கினேன். அந்த ஒரு பெயரை மட்டும் சரிபார்க்காமல் விட முடியுமா என்றார். முடியும், ஆனால் எங்கள் சர்வர் நாள் முழுக்க விசாரிப்பதே அந்த ஒரு பெயரைத்தான் என்றேன்.

"ஒண்ணே ஒண்ணுதானே? அப்ப விதிவிலக்கும் ஒண்ணுதான். எல்லாத்தையும் விடச் சொல்லலியே நான்," என்றார்.

இடத்துக்கு வந்து, அந்தப் பெயருக்கு விலக்குத் தரும் ஒற்றை வரியை எழுதினேன். அடுத்த நிமிடமே போன்கள் அடிக்க ஆரம்பித்தன. ஜால்முரி தின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் நன்றி இல்லை.

இரண்டு வாரம் கழித்துத் தணிக்கையாளர் திரும்பி வந்தார். தப்பான கையெழுத்துத் தளத்தை அவர் கண்ணெதிரே கேட்டுக் காட்டினேன். சர்வர் மறுத்தது. அவருக்குத் திருப்தி. அன்று மாலை சாந்த்ராகாச்சியிலிருந்து அவருக்குச் சென்னை ரயில்; வெளியே டாக்சி வந்து நின்றிருந்தது. தாதா அறையில் இல்லாத நேரம் பார்த்து, விதிவிலக்கைப் பற்றித் தமிழில் முழுவதும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். படிவத்தைப் புரட்டினார்.

"இதுல அதுக்குக் கட்டம் இல்லையே மேடம். சரிபார்க்கிற ஏற்பாடு இருக்கா, இல்லையா?"

"இருக்கு. ஆனா எதைச் சரிபார்க்கணுமோ அதை மட்டும் பார்க்கிறதில்ல."

"அப்ப இருக்கு," என்று 'ஆம்' கட்டத்தில் டிக் போட்டார். ஹௌரா பாலத்தில் நெரிசல் அதிகமாக இருக்குமா என்று விசாரித்துக்கொண்டே கிளம்பினார்.

அறிக்கை பச்சையாக வந்தது. தாதா ரசகுல்லா வரவழைத்து, நம் அழைப்புகள் இனி இரும்புக் கோட்டைக்குள் என்று பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், இரண்டு ரசகுல்லாவும் சாப்பிட்டேன். அதைச் சொல்லாமல் விட்டால் நான் ஏதோ தனியாக நின்று போராடியதுபோல் ஆகிவிடும்.

ஒன்று மட்டும் செய்தேன். வாரத்துக்கு ஒருமுறை அந்தத் தொலைபேசி நிறுவனத்துக்குக் கடிதம் அனுப்பினேன். பூஜை விடுமுறை முடிந்து வந்தபோது, யார் செய்தார்களோ, கையெழுத்தைப் புதுப்பித்திருந்தார்கள். யாரிடமும் சொல்லாமல் என் விதிவிலக்கு வரியை அழித்தேன். ஒரு மணி நேரம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். போன்கள் அடித்துக்கொண்டே இருந்தன. பாட்னாவில் யாருக்கோ ஃப்ரிட்ஜில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

தாதாவிடம் போய், இப்போதுதான் நம் சர்வர் நிஜமாகவே பாதுகாப்பாக இருக்கிறது என்றேன். இவ்வளவு நாள் எப்படி இருந்தது என்று கேட்டார். சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"எதுவானாலும் வாயாலேயே சொல்லு. மெயில்ல போடாதே."

நான் வாயாலும் சொல்லவில்லை. இடத்துக்குத் திரும்பி வந்தேன்.