சொட்டாத பால்கனி

பட்டன் அக்காவுக்கு வேலை கொடுக்கும் நாலு தையல் கடைக்காரர்களுக்கும் அவளுடைய சொந்தப் பெயர் தெரியாது. தைத்த சட்டைகளை மூட்டையாகக் கட்டி அனுப்பினால், மறுநாள் மாலைக்குள் காஜா எடுத்து, பட்டன் வைத்து, மடித்துத் திருப்பி அனுப்பிவிடுவாள். அவர்களுக்கு அது போதும். முப்பது வருஷமாக அந்த வேலை நடந்த இடம் அவள் குடியிருந்த இரண்டாம் மாடி வீட்டின் மர பால்கனி. உள்ளே இருந்த இரண்டு அறைகளும் பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டிய அறைகள். அங்கே உட்கார்ந்து கறுப்புச் சட்டைக்குக் கறுப்பு நூல் கோப்பதற்குள் கண் பூத்துவிடும். ஆகவே பத்தடி நீளமும் நாலடி அகலமும் பன்னிரண்டு பலகையும் கொண்ட அந்த பால்கனிதான் அவளுக்குத் தொழிற்சாலை.

அதை அவள் வைத்திருந்த சுத்தம் இருக்கிறதே, அப்பப்பா! தினமும் காலையில் இரண்டு வாளி சோப்புத் தண்ணீரைக் கவிழ்த்து, விளக்குமாற்றால் வறட் வறட்டென்று தேய்ப்பாள். மரத்துக்கு இவ்வளவு தண்ணீர் எதற்கு என்று கணவர் ஒரே ஒருமுறை கேட்டுப் பார்த்தார். லாரி ஓட்டிவிட்டு எண்ணெய்க் கையோடு வீட்டுக்கு வருகிறவர் சுத்தத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அவர் ஏன் வாயைத் திறக்கிறார்?

முதல் மாடியில், சரியாக இந்த பால்கனிக்குக் கீழே, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். அவர் தன் பால்கனியில் நாற்காலி போட்டு பேப்பர் படிக்கிற நேரமும் அக்கா வாளி கவிழ்க்கிற நேரமும் ஒன்றாகப் போனது யார் செய்த பாவமோ. தண்ணீர் பலகை இடுக்கு வழியாக இறங்கி நேரே அவர் வழுக்கையில் விழும். நனைந்த பேப்பரை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபடி படியேறி வருவார். அக்கா சும்மா விடுவாளா? உட்காரும் இடத்தை மாற்றிக்கொள்ளத் தெரியாதவர் எப்படி ஊருக்கெல்லாம் கடிதம் கொடுத்தார் என்று கேட்பாள். வருஷக்கணக்காக நடந்த அந்தச் சண்டை மூன்று வருஷத்துக்கு முன் திடீரென்று நின்றது. தன் வாய்க்குப் பயந்துதான் மனிதர் அடங்கினார் என்று மாடி மாடியாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள் அக்கா.

வினை வேறு ரூபத்தில் வந்தது. பலகைகள் கறுத்தன, வழுக்கின. ஒரு நாள் ஸ்டூலின் கால் சுவரோரப் பலகைக்குள் பொதுக்கென்று இறங்கிவிட்டது. வீட்டு ஓனர் இன்ஜினியரைக் கூட்டிக்கொண்டு வந்தார். இன்ஜினியர் குனிந்து அந்தப் பலகையில் ஸ்க்ரூடிரைவரை அழுத்தினார். வெந்த கிழங்கில் இறங்குவது போல அது இறங்கியது.

"அடுத்த மாசம் முதல் தேதி ஆளு வருவாங்கம்மா. பால்கனிய இடிச்சிட்டு, கதவு இருக்கிற இடத்துல சுவர் எழுப்பிடுவோம்" என்றார் ஓனர்.

கதவு போனால் வெளிச்சம் போனது, வெளிச்சம் போனால் வேலை போனது. சண்டை போடத் தெரிந்த அக்காவுக்கு அன்றைக்குக் கெஞ்சத்தான் வந்தது. இன்ஜினியர் நியாயமான மனிதர். அடியில் தாங்குகிற இரும்புக்கு ஒன்றுமில்லை, மற்ற பலகைகள் மேலாகத்தான் ஊறியிருக்கின்றன, சரிசெய்து வைத்தால் இடிப்பதற்கு முன் இன்னொரு தடவை பார்க்கிறேன் என்றார். ஓனர் அரை மனதாகத் தலையாட்டினார்.

பலகை எதனால் ஊறியதென்று அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டுமென்றால் தபால்காரர் வீட்டுக்குப் போனால்தான் உண்டு. இருக்கிற மானத்தை மடியில் கட்டிக்கொண்டு அக்கா படியிறங்கிப் போனாள். அவர் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, ஏறிப் பார்க்கத் தன் நாற்காலியையே கொடுத்தார். அண்ணாந்து பார்த்தால் பலகைகளுக்கு நடுவே ஒரு கோடு வெளிச்சம்கூடத் தெரியவில்லை.

"ஒண்ணு கேக்கட்டுமாம்மா?" என்றார் தபால்காரர். "முன்னெல்லாம் நீங்க ஊத்துற தண்ணி என் தலையில விழும். மூணு வருஷமா ஒரு சொட்டு விழல. தினம் ரெண்டு வாளி ஊத்துறீங்களே, அதெல்லாம் எங்க போகுது?"

அக்கா இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்தாள். நாற்காலியிலிருந்து இறங்கி, விறுவிறுவென்று மேலே வந்து, மூட்டை தைக்கிற கோணி ஊசியை எடுத்துப் பலகை இடுக்கில் விட்டு நெம்பினாள். வந்தது நூல். வெள்ளை, நீலம், கறுப்பு என்று அவள் பல்லால் கடித்துத் துப்பிய நூல், கத்தரித்துத் தள்ளிய நூல், எல்லாம் தூசியோடும் சோப்போடும் கலந்து கம்பளி மாதிரி திரண்டு, ஈரம் சொட்டச் சொட்ட வந்தது. ஊற்றிய தண்ணீரையெல்லாம் குடித்துப் பலகைக்கு ஊட்டிக்கொண்டிருந்தது அதுதான். வேலியே பயிரை மேய்ந்த கதை! அக்கா தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகினாள்.

பன்னிரண்டு பலகைக்கு நடுவே பதினொரு இடுக்கு. ஒரு நாளைக்கு ஒன்று என்று சட்டை வேலைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து தோண்டினாள். இடுப்பு விட்டுப்போனது. நாற்பத்தேழு பட்டன் கிடைத்தது. தொலைந்த பட்டனுக்காகத் தையல் கடைக்காரர்களை அவள் திட்டிய திட்டெல்லாம் ஞாபகம் வந்து வெட்கப்பட்டாள். அப்புறம் வாளியைத் தொடாமல் ஒரு வாரம் காயவிட்டாள். அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம், காலையானால் கை பரபரக்கும். காய்ந்த பலகையை ஈரத் துணியும் பிரஷ்ஷுமாக மரத்தின் ரேகை போன போக்கிலேயே தேய்த்து, மறுபடி உலரவிட்டு, உப்புத்தாள் போட்டாள். கறுப்பு உரிந்து உள்ளேயிருந்து மரத்தின் நிறம் வந்தபோது கத்திக் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

சுவரோரப் பலகையை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. தையல் கடை ஒன்றில் கழித்துப் போட்ட வெட்டு மேஜையின் பலகையைக் கேட்டு வாங்கிவந்தாள். கணவர் அதை அறுத்து, பக்கத்துப் பலகையை ஒட்டாமலிருக்க நடுவில் நாணயத்தை வைத்து அளவு பார்த்து முடுக்கினார். கடைசியாக ஆளி விதை எண்ணெய். துணியில் தொட்டுத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்து, இரண்டு நாள் விட்டு மறுபடி ஒரு கை. அக்காவின் முழங்கை வரை எண்ணெய். கணவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்காதான் சிரித்துவிட்டாள்.

முதல் தேதி வந்தது. இன்ஜினியர் பத்து இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார். ஒரு இடத்திலும் இறங்கவில்லை. இரண்டு காலாலும் குதித்தும் பார்த்தார்.

ஓனர் விடுவதாக இல்லை. எண்ணெய் பூசினால் எதுவும் மினுங்கத்தான் செய்யும், மழை வந்து தண்ணீர் தேங்கினால் பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிடும் என்றார்.

அக்கா உள்ளே போய், பத்துப் பதினைந்து நாளாகக் கவிழ்த்து வைத்திருந்த வாளியை நிரப்பிக்கொண்டு வந்து, இரண்டு பேர் முன்னாலும் பால்கனியில் ஊற்றினாள். தண்ணீர் பலகைமேல் முத்து முத்தாக உருண்டது. சளசளவென்று இடுக்குகளில் இறங்கிக் காணாமல் போனது.

கீழேயிருந்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு படியேறும் செருப்புச் சத்தம். மூன்று வருஷத்துக்குப் பிறகு, நனைந்த பேப்பரை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபடி, வழுக்கையிலிருந்து தண்ணீர் வழிய தபால்காரர் வாசலில் வந்து நின்றார். பழைய இடத்திலேயே வேண்டுமென்று உட்கார்ந்திருக்கிறார், மனிதர்!

"பாத்துக்குங்க சார்" என்று பேப்பரை இன்ஜினியர் கையில் கொடுத்தார். "ஒரு சொட்டு மேல தங்கல. எல்லாம் எனக்குத்தான் வந்துச்சு."

இன்ஜினியர் ஈரப் பேப்பரைப் பார்த்தார், ஓனரைப் பார்த்தார், சிரித்தார். ஓனர் சுவருக்கு அளவெடுக்கக் கொண்டுவந்த டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு, "சரிம்மா, கதவு இருக்கட்டும்" என்றார்.

அக்காவுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. தபால்காரருக்குத் தலை துவட்டத் துண்டு கொடுத்தாள். இனிமேல் வாளி கிடையாது, துடைப்பதோடு சரி என்று வாக்கும் கொடுத்தாள். எல்லோரும் போன பிறகு ஸ்டூலைப் போட்டு, வெட்டுகிற நூலுக்கென்று ஒரு டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூட்டையில் மேலே இருந்தது கறுப்புச் சட்டை. கறுப்பு நூலை நுனி திரித்து ஊசியிடம் கொண்டுபோனாள். ஒரே தடவையில் கோத்துவிட்டாள்.