தெருமுனையில் அடங்கும் புல்லட்

எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வரும்போது வண்டி சூடாறியபடியே "டிக், டிக்" என்று முனகும். செயின் மெல்லக் கிலுகிலுக்கும். சுட்ட ஆயிலின் வாசனை வண்டிக்கு முன்னால் வீட்டுக்குள் நுழைந்துவிடும். என் சிறுவயதில் அப்பா வீடு திரும்புவது என்றால் இந்த மூன்றும்தான். தடதடத்து வந்த புல்லட் தெருமுனையில் சட்டென்று அடங்கியதும், அம்மா தறியை விட்டு எழுந்து, சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு வாசலுக்குப் போவாள்.

அப்பா உருட்டி வந்ததற்குக் காரணம் இருந்தது. ஆரணியில் எங்கள் தெருவில் காலை வேளைகளில் பட்டுப் பாவை, அதாவது புடவைக்கான நீளவாட்டு நூலை, தெரு நெடுக இழுத்துக் கட்டிச் சரிசெய்வார்கள். அந்த நேரத்தில் பழைய புல்லட் ஒன்றை உதைத்துக் கிளப்பினால் அது கக்கும் புகையும் சொட்டும் ஆயிலும் ஒரு புடவைக்கே உலை வைத்துவிடும். "உருட்டிகினு போப்பா, பாவு கட்டிக்கீது பாரு" என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். பாவே இல்லாத சாயங்காலத்திலும் அப்பா முனையிலேயே அணைத்துவிடுவார், கை பழகிவிட்டது.

வெம்பாக்கம், சேத்துப்பட்டுப் பக்கத்துத் தறிகளுக்கு நூல் கொடுத்து, நெய்த புடவைகளை வாங்கி வருவது அவர் தொழில். ஓய்வு கிடைத்தால் எஞ்சினைப் பிரித்து, தறியில் மிஞ்சிய கழிவுப் பட்டால் துடைத்துக்கொண்டிருப்பார். "கல்யாணப் பொண்ணுக்குக் கெடைக்காத பட்டு இந்த இரும்புக்குக் கெடைக்குது" என்று அம்மாவின் தம்பி, என் மாமா, கேலி செய்வார். அப்பா சிரிப்பாரே தவிர துடைப்பதை நிறுத்தமாட்டார்.

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது வண்டி அளவுக்கு மீறிப் புகைந்தது. அப்பா எஞ்சினைத் திறந்து பாகங்களை ஒரு எனாமல் தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தார். பிறகு தேய்ந்துபோன பிஸ்டன் ரிங்கை மாதிரிக்காகக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலூர் பஸ் ஏறக் கிளம்பினார். "தட்ட யாரும் தொடாதீங்க. ரிங்கு வாங்கிகினு சாயங்காலம் வந்துடறேன்" என்றார். வரவில்லை. அன்றும் வரவில்லை, பிறகும் வரவில்லை.

மாமா வேலூரில் தேடாத இடமில்லை. போலீஸிலும் சொல்லிப் பார்த்தார்கள். "புது ரிங்கு வாங்கினாரே, ஜல்தியா போவணும்னு பஸ் ஸ்டாண்டு பக்கம் போனாரே" என்று கடைக்காரர் சொன்னதோடு சரி. தெருவில் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. வந்துடறேன் என்று சொல்லிவிட்டுப் போன மனிதர் வரவேண்டாமா?

அந்தத் தட்டு தறிக்குப் பக்கத்தில் வைத்த இடத்திலேயே பல வருடம் இருந்தது. மண்ணெண்ணெய் வற்ற வற்ற அம்மா ஊற்றிவந்தாள். எங்கள் வீட்டு ரசம்கூட மண்ணெண்ணெய் வாடை அடித்தது. பள்ளியில் என் பக்கத்தில் உட்காரவே மற்றப் பெண்பிள்ளைகள் மூக்கைச் சுளித்தார்கள். "வேற ரிங்கு போட்டு வண்டிய ஓட்டலாம்கா, இரும்பு வீணாப் போவுது" என்று மாமா கேட்கும்போதெல்லாம் அம்மா ஒரே பதில் வைத்திருந்தாள். "வாணாம்டா. அவருதான் வாங்கிகினு வராரு இல்ல."

எனக்கு வேலை கிடைத்த பிறகு, அவளைக் கேட்காமல் வேலூரில் ரிங் வாங்கிவந்தேன். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வரும்போது, அப்பா இதே போன்ற ரிங்கோடு எந்த இடத்தில் இறங்கியிருப்பார் என்று வழி நெடுகப் பார்த்துக்கொண்டே வந்தேன். அம்மா பொட்டலத்தை வாங்கி முகர்ந்து பார்த்தாள். "போட்டுக்கோ. அவரு வந்தா இத்தக் கழட்டிட்டு அவரோடத போட்டுக்கட்டும்" என்றாள்.

மாமாவும் நானும் மாட்டி முடித்தோம். ஹெட்லைட்டுக்கு மேலே உள்ள ஆம்பியர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அமுக்கிவிட்டுத்தான் உதைக்க வேண்டும், இல்லையென்றால் அது காலைத் திருப்பி உதைக்கும். அப்பா செய்ததைப் பார்த்துப் பார்த்தே எனக்கு அது தெரிந்திருந்தது. வண்டி உயிர் பெற்றது. முதல் நாள் ஓட்டிவிட்டுத் திரும்பியபோது நானும் தெருமுனையில் அணைத்துவிட்டு உருட்டிவந்தேன். வாசலில் அம்மா சொம்போடு நின்றிருந்தாள். என்னைக் கண்டதும் அவள் முகம் மாறிய விதத்தை என்னால் இன்றும் தாங்க முடியவில்லை.

அன்றிலிருந்து வாசல்வரை சத்தத்தோடுதான் வருகிறேன். அப்பா ஒருநாளும் அப்படி வந்ததில்லை என்பதால் அம்மா எழுந்திருக்கமாட்டாள், "நீயா?" என்று உள்ளிருந்தே கேட்பாள். என்னை அதட்ட ஆள் இல்லை. எங்கள் தெருவில் இப்போது யாரும் பாவு நீட்டுவதில்லை. கதவுகளுக்குப் பின்னால் விசைத்தறிகள் ஓடுகின்றன.

போன மழையில் கார்புரேட்டரில் தண்ணீர் புகுந்து, வண்டி சரியாகத் தெருமுனையில் தானாக நின்றுபோனது. எத்தனை உதைத்தும் கிளம்பவில்லை. வேறு வழியில்லாமல் உருட்டினேன். டிக், டிக் என்று அது முனகிக்கொண்டே வந்தது.

அம்மா வாசலில் இருந்தாள். தண்ணீர்ச் சொம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. என் தோளுக்குப் பின்னால், தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செத்த நவுந்து நில்லுடி," என்றாள். "வழிய மறைக்காத."

நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வழி விட்டேன்.