சந்தனப் பொட்டு வைத்த கிராஃபிக்ஸ் கார்டு

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஆயுத பூஜை முடிந்த கையோடு திருச்செங்கோட்டில் எங்கள் வீட்டில் நடந்தது இது. கட்டி முடித்தால் வீடு எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் படமாகவும் வீடியோவாகவும் செய்து கொடுப்பதுதான் என் தொழில். இதே தொழில் செய்யும் ஓர் அக்கா நான்கு தெரு தள்ளி இருக்கிறார். இரண்டு பேரும் சேலம் அஸ்தம்பட்டிக்கு ஒரே பஸ்ஸில் போய்ப் படித்தவர்கள். கம்ப்யூட்டர் வாங்கியதும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே கம்பெனி கிராஃபிக்ஸ் கார்டு போட்டு.

படத்தைக் கணக்குப் போட்டு வரைந்து தரும் அந்தக் கார்டு இல்லாவிட்டால் எங்கள் வேலை ஓடாது. ஒரு நாள் காலையில் என் திரை முழுக்கக் கோடு கோடாகக் காட்டிவிட்டு அணைந்துபோனது. அக்காவுக்குப் போன் செய்தால், "அட, என்ற கார்டும் நேத்துப் போச்சுங்க" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், அதைக் கேட்டதும் எனக்குப் பாதிக் கவலை தீர்ந்தது. வாரண்டி இருந்ததால், சேலம் கடைக்காரரே இரண்டு கார்டையும் கழற்றி ஒரே பெட்டியில் போட்டுக் கம்பெனிக்கு அனுப்பிவைத்தார்.

அதற்கப்புறம் நான் பட்ட பாடு இருக்கிறதே! போன் போட்டால் பாட்டு. பாட்டு முடிந்தால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து. எல்லாம் அழுத்தி முடித்தால் லைன் கட். மெயில் போட்டால், "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று பதில். பொறுமையாக இருக்கிறேன் என்று நான் எப்போது சொன்னேன்?

ஒருவழியாக இரண்டும் வந்தன. அக்காவுக்குப் புத்தம் புதுக் கார்டு, பெட்டி பிரிக்காமல். எனக்கோ கெட்டுப்போன பழைய கார்டே திரும்பி வந்தது. கூடவே ஒரு மெயில். கார்டின் மேல் ஈரம் பட்ட கறை இருக்கிறதாம், அதனால் வாரண்டி செல்லாதாம். எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம்.

நான் பூஜைக்கு மானிட்டருக்கு மட்டும்தான் பொட்டு வைத்தேன். அப்படியானால் வேறு யார்? நேராக மாமியாரிடம் போய்ச் சண்டைக்கு நின்றேன்.

"நா சுட்ச்சுப் போடறதுக்கே பயப்படறவ. அந்தப் பொட்டியத் தெறந்து பொட்டு வெப்பனா சாமி?" என்றார்.

நான் நம்பவில்லை. அந்த வாரம் முழுக்க அவரிடம் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை.

கார்டு வந்த அன்று மாலை அக்கா தன் புதுக் கார்டைப் படம் எடுத்து, "நல்லதே நடக்கும்" என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அதே பஸ், அதே வாத்தியார், அதே கடை. இவருக்கு மட்டும் எல்லாம் எப்படிக் கூடி வருகிறது? இன்ஜினியர்கள் எல்லாம் இவர் படத்தை ஆகா ஓகோ என்கிறார்களே, நல்ல கார்டு இருந்தால் நானும்தான் செய்வேன்! இப்படிப் பொருமிக்கொண்டே அந்த ஸ்டேட்டஸைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒரு ஹார்ட் வேறு போட்டேன்.

எனக்கு வழக்கமாக வேலை கொடுக்கும் இன்ஜினியர் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வீடியோ கேட்டிருந்தார். பூமி பூஜைக்கு முன்பு ஓனரிடம் காட்ட வேண்டும். "முடியாட்டிச் சொல்லிருங்க மேடம், அந்த இன்னொரு மேடத்துகிட்டக் குடுத்துக்கறனுங்க" என்று போனில் சொல்லிவிட்டார். என் பிழைப்பே அந்த இன்ஜினியர்தான். ஒருமுறை அக்கா வேலையைப் பார்த்துவிட்டால் அவர் என் பக்கம் திரும்ப மாட்டார். வேலை அக்கா கைக்குப் போகாமல் இருக்க, அக்காவின் கம்ப்யூட்டரையே கடன் கேட்கப் போனேன். கெட்டுப்போன கார்டையும் கட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அங்கே மாட்டிப் பார்த்தால் ஓடுமோ என்று ஒரு நப்பாசை.

"இதுக்கெல்லாம் கேக்கோணுங்களா? உக்காருங்க" என்று அக்கா தன் வேலையை நிறுத்திவிட்டு எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். மண்டப வீடியோ அதில் தயாராகத் தொடங்கியது. டீயோடு வந்தவர், பையிலிருந்து கார்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது என்ற கார்டுங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"இந்தப் பொட்டு நா வெச்சதுங்க. வேலை செய்யறது இதுதானுங்களே, வெளிய வெச்சு என்ன பண்றதுன்னு பொட்டியத் தெறந்து உள்ளாறவே வெச்சேன்."

கார்டில் இருந்த நம்பரை அவருடைய கடை பில்லில் இருந்த நம்பரோடு ஒத்துப் பார்த்தோம். அவர் சொன்னதுதான் சரி. கம்பெனிக்காரர்கள் இரண்டு பேரின் பெயரையும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். பொட்டு வைத்த அவர் கார்டு எனக்குத் திரும்பி வந்திருக்கிறது. சுத்தமாக இருந்த என் கார்டுக்குக் கொடுத்த புதுசு அவர் வீட்டுக்குப் போயிருக்கிறது. இத்தனை நாளும் நான் வயிறெரிந்தது என் சொந்தப் பொருளைப் பார்த்து!

அக்கா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. வீடியோ முடிந்ததும் அவரே ஸ்க்ரூவைக் கழற்றி, புதுக் கார்டைத் துணியில் சுற்றி என் பையில் வைத்தார். "உங்களுதுங்க, கொண்டு போங்க" என்றார். நானாக இருந்தால் டீயை மட்டும் கொடுத்து அனுப்பியிருப்பேன். நல்ல மனசிலும் என்னை மிஞ்சிவிட்டாரே என்று அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

நடந்ததை விளக்கிக் கம்பெனிக்கு எழுதினோம். புகார் தீர்க்கப்பட்டுவிட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று பதில் வந்தது. நல்ல சேவை! மாமியாரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அன்னைக்கே சொன்னனா இல்லியா?" என்று அவர் தெரு முழுக்கச் சொல்லித் தீர்த்தார்.

அக்கா தனக்கு வேறு கார்டு வாங்கும்வரை என் வீட்டுக்கு வந்து வேலை செய்யும்படி கூப்பிட்டேன், வந்தார். என் நாற்காலியில் உட்கார்ந்து, என் கார்டில், ஒரு சாதாரண மாடி வீட்டைச் செய்தார். சாயங்கால வெயில் ஜன்னல் கம்பி வழியாக வாசற்படியில் விழுந்திருந்தது. அந்தப் படியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போல இருந்தது. நான் அதே கம்ப்யூட்டரில் எத்தனையோ வீடு செய்திருக்கிறேன், ஒன்றில்கூட அப்படி வெயில் அடித்ததில்லை.

இன்றைக்கும் அக்காவின் படங்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமை வருகிறது. ஆனால் கார்டு, கம்பெனி, அதிர்ஷ்டம் என்று சொல்ல என்னிடம் ஒரு சாக்கும் மிச்சமில்லை என்பதால், பொருமுவதை விட்டுவிட்டு அந்த வெயில் எப்படி வந்தது என்று அவரிடமே கேட்டுக் கற்றுக்கொள்கிறேன்.