அப்பாவின் நாக்கைச் சென்னைக்கு அழைத்துப் போனது

எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரம் என்பது தீர்ப்பு நேரம். அப்பா முதல் கவளத்தை வாயில் வைப்பார். அவர் மென்று முடிக்கும்வரை அம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடி நிற்பாள். "உப்பு ஒரு கல்லு கம்மி" என்பார். இல்லையென்றால் புளி பழசு, பருப்பு இன்னும் ஒரு கொதி வந்திருக்கலாம், கறிவேப்பிலையை எண்ணெய் சூடாகும் முன்னே போட்டுவிட்டாய் என்று ஏதாவது வரும். "நல்லாருக்கு" என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. குறை ஒன்றும் அகப்படாத அன்று பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். அன்று அம்மா ஜெயித்ததாக அர்த்தம்.

அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆரணி–சென்னை தடத்தில்தான் பாதி ஆயுள் போனது. வழியில் பஸ் நிற்கும் மோட்டல்களில் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் சாப்பாடு சும்மா கொடுப்பார்கள். அப்பா மட்டும் காசு கொடுத்துத்தான் சாப்பிடுவாராம். நேர்மை என்று நினைத்துவிட வேண்டாம். சும்மா சாப்பிட்டால் குறை சொல்ல முடியாதே, அதனால்தான்.

இந்த நாக்குக்கு ஊரில் ஒரு மரியாதையும் இருந்தது. எங்கள் சர்ச்சில் வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகைக்குக் காம்பவுண்டிலேயே பிரியாணி செய்வார்கள். அண்டாவை மூடி தம் போடுவதற்கு முன்னால் சமையல்காரர் ஆளனுப்பி அப்பாவைக் கூப்பிடுவார். அப்பா அண்டாவிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணியை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துத் தலையாட்டினால்தான் மூடி விழும். ஜெபம்கூட அதற்கப்புறம்தான்.

போன வருஷம் அந்தப் பண்டிகைக்கு முன்னால் அப்பாவுக்கு ஒரு பொல்லாத காய்ச்சல் வந்து போனது. உடம்பு தேறிப் பண்டிகைக்கு வந்தார், உப்பு பார்த்தார், தலையாட்டினார். அன்றைக்கு அவசரத்தில் யாரோ உப்பை இரண்டு தடவை போட்டிருந்தார்கள். சபை முழுக்க உட்கார்ந்து அந்த பிரியாணியைச் சாப்பிட்டது. போதகர் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். ஒரு மனுஷராவது உப்பு என்று வாயைத் திறக்க வேண்டுமே? கண்டக்டர் பார்த்துத் தலையாட்டியது, கோளாறு நம் நாக்கில்தான் இருக்கும் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டார்கள். பக்கத்து இலைக்காரியும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு மறுபடியும் சாப்பிட்டோம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நேராகவே கேட்டாள். அப்பா செருப்பைக் கழற்றியபடியே, காய்ச்சலுக்கு அப்புறம் வாயில் எதுவும் தெரியவில்லை என்றார். வாசனையும் இல்லையாம். இத்தனை நாளும் பழக்கதோஷத்தில் உப்பு கம்மி, புளி ஜாஸ்தி என்று குத்துமதிப்பாகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். அம்மாவும் அதை நம்பி உப்பைக் கூட்டியும் குறைத்தும் வந்திருக்கிறாள்.

அன்றோடு தீர்ப்பு நின்றது. அப்பா தட்டில் போட்டதைச் சாப்பிட்டார், எழுந்தார், கை கழுவினார். அம்மாவுக்கு முதலில் பாவமாக இருந்தது. அப்புறம் சுகமாக இருந்தது. சமையலறையில் பாட்டு முணுமுணுக்கும் சத்தம் கேட்டது. கடையில் விற்கிற சாம்பார்ப் பொடி முதன்முதலாக எங்கள் வீட்டுப் படியேறியது. இரண்டு நாள் சட்னி மூன்றாம் நாளும் வந்தது. ஒருநாள் குழம்பில் உப்பே போடவில்லை. அப்பா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தார். அடுத்த கவளம் என்னுடையது. என் நாக்குக்கு ஒரு காய்ச்சலும் வரவில்லை என்பதை இந்த வீட்டில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

வேலூரில் பார்த்த டாக்டர், நரம்பு சம்பந்தப்பட்டது, திரும்ப வந்தாலும் வரும், வராமலும் போகலாம் என்றார். தினமும் கிராம்பையும் எலுமிச்சையையும் முகர்ந்து பார்க்கச் சொன்னார். புதுசாக, காரசாரமாக ஏதாவது சாப்பிட்டுப் பார்க்கலாமா என்று நான் கேட்டேன். தாராளமாக, கெடுதல் ஒன்றும் இல்லை என்றார். எனக்கு அது போதும். ஆரணிக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே தம்பிக்கு போன் போட்டேன். அவன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். ஒரு சனி, ஞாயிறு முழுக்க அப்பாவைச் சென்னையில் சாப்பிட வைப்பது, அவர் நாக்கைத் தட்டி எழுப்பிக் கூட்டி வருவது என்று முடிவானது. இதில் இன்னொரு நியாயமும் இருந்தது. அத்தனை வருஷம் சென்னைக்குப் போன மனுஷர் கோயம்பேடு பஸ் ஸ்டாண்டைத் தாண்டி ஒரு வாய் சாப்பிட்டதில்லை. இறங்கி, டிரிப் ஷீட்டில் கையெழுத்து வாங்கி, ஒரு டீ குடிப்பதற்குள் வண்டி எடுக்க நேரமாகிவிடும்.

திட்டம் போடுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். செய்யாறில் ஒரு ஷூ கம்பெனி ஆபீசில் எனக்கு வேலை. போக வர கம்பெனி பஸ். விஷயத்தைச் சொன்னதும் பஸ்ஸே என் திட்டத்துக்குள் ஏறிக்கொண்டது. கட்டிங் செக்‌ஷன் அக்கா சௌகார்பேட்டையை விடாதே என்றாள். டிரைவர் அண்ணன் பீச் ஸ்டேஷன் பக்கத்தில் விற்கும் பர்மா நூடுல்ஸான அத்தோவைச் சொன்னார். பிரியாணிக்குத் திருவல்லிக்கேணியா ராயப்பேட்டையா என்று பின் சீட்டில் மூண்ட சண்டை கம்பெனி கேட்டைத் தாண்டியும் ஓயவில்லை. தம்பி வேறு, புகை வரும் ஐஸ்கிரீம், கரித்தூள் கலந்த பர்கர் என்று வீடியோவாக அனுப்பிக்கொண்டிருந்தான். அப்பாவுக்குப் போனது ருசிதான், புத்தி இல்லை என்று பதில் போட்டேன்.

தேதிதான் பெரிய பேஜாராக இருந்தது. முதல் ஞாயிறு திருவிருந்து ஆராதனை, அசையக்கூடாது. இரண்டாம் ஞாயிறு பெண்கள் ஐக்கியக் கூட்டம், அம்மா பொருளாளர். மூன்றாம் ஞாயிறு என்றேன். ஓய்வுநாளில் ஓட்டல் ஓட்டலாகத் திரிவதா என்றாள். சென்னையிலும் சர்ச் உண்டு, காலையில் ஆராதனை முடித்துவிட்டுத்தான் சாப்பாடு என்றேன். அவர் வயிறு தாங்காது, எனக்கு முட்டி வலி, வீட்டைப் பூட்டிப் போட்டால் பூனை வந்து பிரசவம் பார்த்துக்கொள்ளும் என்று ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருந்தது. ருசி திரும்பி வந்தால் தீர்ப்பும் திரும்பி வரும், அதுதான் இவளுடைய பயம் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை மனசில் வைத்துக்கொள்ளாமல் கேட்டும்விட்டேன்.

அம்மா காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

"இங்க ருசி தெரியலன்னா என் சமையல் மேல பழியப் போட்டுக்கலாம். அத்தினி கடைக்கும் போய் ஒண்ணும் தெரியலன்னா, அந்த மனுசன் யார் மேல போடுவாரு?"

 அந்தக் கடைப் பொடியும், மூன்றாம் நாள் சட்னியும் சோம்பல் இல்லையோ என்று அப்போதுதான் சந்தேகம் வந்தது. ஆனால் டிக்கெட் போட்டாகிவிட்டது. நானும் பிடிவாதக்காரி. அப்பா மகள்தானே.

மூன்றாம் வாரச் சனிக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் கிளம்பினோம். அப்பா கண்டக்டர் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பூந்தமல்லி வரைக்கும் அந்தக் கண்டக்டர் பையனுக்குச் சில்லறை மிச்சம் பிடிக்கும் வித்தையைச் சொல்லிக்கொண்டு வந்தார். கோயம்பேட்டில் தம்பி நின்றான். மதியம் சௌகார்பேட்டைச் சந்து ஒன்றில் முறுக்குக்கு நடுவில் வெங்காயமும் பச்சைச் சட்னியும் வைத்து அமுக்கிக் கொடுத்தார்கள். அப்பா கடித்தார், மென்றார். நாங்கள் மூன்று பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நல்லாருக்கு" என்றார்.

தம்பி நடுச்சந்தில் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். அடுத்து ஜிலேபி, அதுவும் நல்லாருந்தது. சாயங்காலம் பீச் ஸ்டேஷன் பக்கத்தில் அத்தோவும் வாழைத்தண்டு சூப்பும். காரத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அப்பா சூப்பைக் குடித்துவிட்டு அதுவும் நல்லாருக்கு என்றார். நான் பெருமை தாங்காமல் வேலூர் டாக்டரையே மிஞ்சிவிட்டதாக நினைத்துக்கொண்டு, கம்பெனி பஸ் குரூப்புக்குச் செய்தி போட்டேன். கட்டிங் செக்‌ஷன் அக்கா கும்பிடு போடும் பொம்மை அனுப்பினாள். அம்மா மட்டும் தன் தட்டைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தம்பி தன் ரூமுக்குப் பக்கத்தில் ஒரு கடைக்குக் கூட்டிப்போனான். வாசலில் 'ஒரிஜினல் ஆரணி பிரியாணி' என்று விளக்குப் போட்ட போர்டு. ஆரணிக்காரர்களை ஆரணி பிரியாணி சாப்பிடச் சென்னைக்கு வரவழைத்தவன் உலகத்திலேயே என் தம்பி ஒருவன்தான். தட்டு வந்தது. பாசுமதி அரிசி. நீள நீளமாக, உதிரி உதிரியாக, எங்கள் ஊர் சீரகச் சம்பாவுக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மேலே முந்திரிப் பருப்பு வேறு. பழைய அப்பாவாக இருந்தால் வாயில் வைக்கவே வேண்டியதில்லை. பார்த்தவுடனே முதலாளியைக் கூப்பிட்டு, எந்த ஆரணி என்று விசாரித்திருப்பார்.

அப்பா ஒரு கவளம் எடுத்துப் போட்டுக்கொண்டார். என் முகத்தைப் பார்த்தார், தம்பி முகத்தைப் பார்த்தார்.

"நல்லாருக்கு" என்றார்.

தம்பியின் சிரிப்பு அப்படியே நின்றது. நானும் சாப்பிடுவதை நிறுத்தினேன். நாக்கே இல்லாதவனுக்கும் கண்ணுக்குத் தெரிகிற குற்றம் அது. மதியத்திலிருந்து அப்பா எதையும் ருசித்துச் சொல்லவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் ஆசைப்பட்டு, அலைந்து, கூட்டி வந்திருக்கிறார்களே என்று கடைக்குக் கடை எங்களுக்காகப் பொய் சொல்லியிருக்கிறார். வாழ்நாளில் சொல்லிப் பழகாத வார்த்தை என்பதால் அளவு தெரியாமல் எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டார். எனக்கு அழுகை முட்டியது. குரூப்பில் போட்ட செய்தியை நினைத்தால் வெட்கமாகவும் இருந்தது.

அம்மா அப்போதுதான் தன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்தாள். மெதுவாக மென்றாள். அப்பா எப்படி மேலே பார்த்துக்கொண்டு மெல்லுவாரோ அப்படியே.

"பட்டை தூக்கலா கீது" என்றாள், யாரையும் பார்க்காமல். "கறி வெந்துகீது, ஆனா மசாலா உள்ள எறங்கல. புதினாவ கடைசில தூவி ஏமாத்திட்டான். அரிசியப் பத்தி நான் சொல்ல வேணாம், உங்களுக்கே கண்ணு கீது."

அப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அம்மாவையே பார்த்தார். அப்புறம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"உப்பு?"

"ஒரு கல்லு கம்மி."

அப்பா தலையாட்டினார். அண்டாவுக்கு மூடி போடச் சொல்லும் அதே தலையாட்டல். அடுத்த கவளத்தை எடுத்துக்கொண்டு, எலுமிச்சை பிழிந்தால் சரியாகுமா என்று கேட்டார். ஆகாது என்றாள். தயிர்ப் பச்சடி எப்படி என்றார். புளிப்பு ஏறிப்போச்சு, நேற்றையது என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து அந்தக் கடையின் மானத்தை வாங்கிக்கொண்டே தட்டைக் காலி செய்தார்கள். பழைய அப்பா இருமடங்காகத் திரும்பி வந்த மாதிரி இருந்தது. பாவம், சப்ளையர் எங்கள் மேஜைப் பக்கம் வருவதையே விட்டுவிட்டான்.

மறுநாள் காலை ஆராதனைக்குப் போனோம். சபையோடு சேர்ந்து அம்மா கண்ணை மூடிப் பாவ அறிக்கை சொன்னாள். அங்கிருந்து நேராக மயிலாப்பூரில் ஒரு மெஸ். பெஞ்சு போட்டு வாழையிலையில் சாப்பாடு. இப்போது ஒவ்வொன்றையும் அம்மா முதலில் வாயில் வைத்தாள், அப்பா காத்திருந்தார். கூட்டில் தேங்காய் நிறைய, ஆனால் முத்தல். சாம்பாரில் வெல்லம் போட்டிருக்கிறான். அவள் சொல்லச் சொல்ல அப்பா அதையதைத் தொட்டுச் சாப்பிட்டார். இலையில் ஒன்று மிச்சமில்லை.

அப்புறம் ரசம் வந்தது. இதை நான் உள்ளபடி சொல்லிவிடுகிறேன்: என் வாழ்க்கையில் அப்படி ஒரு ரசம் குடித்ததில்லை. மிளகும் சீரகமும் கொத்தமல்லித் தண்டும் தொண்டையில் இறங்கி மூக்கு வழியாக ஏறின. தம்பி டம்ளரில் கேட்டு வாங்கிக்கொண்டான். சின்ன வயதில் கையில் ரசம் வாங்கிக் குடித்தால் அம்மா எங்களை வையாத வசவில்லை. அவள் சாதத்துக்கு வாங்கினாள். அப்புறம் உள்ளங்கையைக் குழித்து ஒரு தடவை வாங்கி உறிஞ்சினாள். சப்ளையர் நகர்வதற்குள் இன்னொரு தடவையும் நீட்டினாள்.

அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் ரசத்தவிட நல்லா கீதா?" என்று கேட்டார்.

"கிட்டயே வராது" என்றாள் அம்மா. சர்ச்சில் பாவ அறிக்கை சொல்லி இன்னும் இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. மடியில் கைப்பை, கைப்பைக்குள் வேதாகமம். முகத்தில் ஒரு சலனம் இல்லை.

அப்பா அவள் இலையைப் பார்த்தார், ஈரமாக இருந்த உள்ளங்கையைப் பார்த்தார். பழைய கண்டக்டர் கண். டிக்கெட் வாங்காதவன் எந்த சீட்டில் இருக்கிறான் என்று கூட்டத்துக்கு நடுவிலும் அதற்குத் தெரியும். ரச வாளியோடு அடுத்த வரிசைக்குப் போய்விட்ட சப்ளையரைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"இந்தம்மா கையில இன்னும் ஊத்துங்க. கிட்ட வர்ற வரைக்கும் ஊத்துங்க."

அம்மா எங்கள் யாரையும் பார்க்காமல் கையை நீட்டினாள்.