உட்காரப் பழகும் கண்டக்டர்

என் தம்பி ஓய்வு பெற்ற அன்று டெப்போவில் அவனுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். இனி நேரத்துக்கு எங்கேயும் போக வேண்டாம் என்று அனுப்பி வைக்கிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான பரிசை யாரால் யோசிக்க முடியும்?

அவன் பஸ் கண்டக்டர். சேர்ந்த நாள் முதல் கடைசி நாள் வரை அவன் மேல் ஒரு புகார் கிடையாது. எங்கள் குடும்பத்தில் சீருடை போட்ட ஒரே ஆள். தூக்கி வளர்த்தவள் நான் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஆனால் தூக்கி வளர்த்தவள் நான்தான்.

வயதானால் மனிதன் தானாக உட்கார்ந்துவிடுவான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உட்காரவும் ஒரு பழக்கம் வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. வீட்டில் என் தம்பி கதவு நிலையில் முதுகைச் சாய்த்து, காலை அகட்டி நிற்பான், தரை எந்த நேரத்திலும் பிரேக் போடும் என்பதுபோல. வந்தவர்கள் வாசலில் தயங்கினால், "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல காலியாத்தான் இருக்கு" என்பான். முழங்கால் தேய்ந்துவிட்டது, நிற்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதையும் நின்றுகொண்டேதான் கேட்டான்.

அவன் மனைவி வாழ்க்கையில் கேட்டது ஒன்றே ஒன்று. கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் ஒரு பஸ்ஸில் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. புதுப்பெண்ணாக அவன் வண்டியில் ஏறியவளிடம், "எங்கம்மா இறங்கணும்?" என்று கேட்ட மகராசன் அவன். "ரிடையர் ஆனதும் கடல் வரைக்கும் போகணும். ஒரே சீட்டுல, பக்கத்துல பக்கத்துல. வேற ஒண்ணும் வேணாம்" என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த நாளும் வந்தது. வழியனுப்ப நானும் பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். வண்டி வந்ததும் கூட்டம் முண்டியது. சம்பளம் வாங்குகிற கண்டக்டர் முன்பக்கம் டிக்கெட் போட்டுக்கொண்டிருக்க, என் தம்பி பின்பக்கப் படிக்கட்டைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டான். முதியவர்களைக் கைபிடித்து ஏற்றினான். பெட்டிகளைத் தூக்கிக் கொடுத்தான். அவன் எப்போதும் கடைசியில்தான் ஏறுவான் என்று தெரிந்த மனைவி, என்னோடு பேசிக்கொண்டு நின்றாள். கடைசியில் அவன் ஏறினான். தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினான். "ரைட், போலாம்!"

அவ்வளவு சுத்தமான குரலை எந்த டிரைவர் சந்தேகப்படுவார்? வண்டி போய்விட்டது.

"அண்ணி, போயிட்டாரு."

"இரு, திரும்பிப் பார்ப்பான்."

பார்த்தான். பின்னால் வேறு வண்டி வருகிறதா என்று.

அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, நொண்டிக்கொண்டே திரும்பி வந்தான். "நீ ஏறிட்டேன்னு நெனச்சேன்" என்றான்.

"டேய், இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரு பாசஞ்சரையாவது இப்படி விட்டுட்டுப் போயிருக்கியா?" என்று கேட்டேன்.

"ஒருத்தரைக்கூட இல்லக்கா." முகத்தில் பெருமை வேறு.

"பாசஞ்சரா இருந்திருந்தா ஏத்திட்டுத்தான் போயிருப்பாரு அண்ணி. பொண்டாட்டிதானே" என்றாள் அவள். "இனி இவரோட நான் எந்த வண்டியிலயும் ஏற மாட்டேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

சொன்னபடியே இருந்தாள். "ரயில்ல போலாமா?" என்று கேட்டான். "அங்க கொடி காட்ட ஒருத்தர் இருக்காரு. அவரு பொழைப்புல ஏன் மண்ணள்ளிப் போடணும்?" என்றாள். பஸ் நிறையக் கூட்டத்தை ஒற்றைக் குரலில் அடக்கியவனால், ஒரு பெண்ணை ஒரு படி ஏற வைக்க முடியவில்லை. அதன்பின் தினமும் காலையில் எங்கோ கிளம்பிப் போக ஆரம்பித்தான். எங்கே என்று அவளும் கேட்கவில்லை. கேட்டால் சமாதானம் ஆனதாகிவிடுமே.

ஒரு நாள் அவளும் நானும் மார்க்கெட்டுக்கு டவுன் பஸ் ஏறினோம். நடுவில், இரண்டு பேர் சீட்டில், தனியாக என் தம்பி. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகி, உதட்டைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தான். படிக்கட்டில் நாலைந்து பேர் தொங்கினார்கள். உள்ளே நிற்க இடம் இருந்தது. அவன் கழுத்து நரம்பு புடைத்ததே தவிர, வாயைத் திறக்கவில்லை.

"பெரியவர் தினமும் வர்றாரும்மா" என்றார் கண்டக்டர். "கடைசி ஸ்டாப் வரைக்கும் இப்படியே போவாரு, இப்படியே திரும்புவாரு. எதுக்குன்னு கேட்டா, பழகிக்கிறேங்கறாரு."

அவள் கையிலிருந்த கூடையை என்னிடம் கொடுத்தாள். பிறகு பக்கத்தில் போய், "கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்றாள்.

அவன் தள்ளினான். மார்க்கெட் வந்தது, போனது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. காலிக் கூடையோடு நான் கடைசி ஸ்டாப் வரை நின்றுகொண்டே போனேன். எனக்கும் முழங்கால் இருக்கிறது. அதை அன்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

"அப்போ கடலுக்கு எப்போ?" என்று இறங்கும்போது அவளிடம் கேட்டேன்.

"டவுன் பஸ்ஸுக்குப் பரவாயில்ல அண்ணி" என்றாள், அவன் காதில் விழும்படி. "தூரத்து வண்டிக்கு இன்னும் கொஞ்ச நாள் பழகட்டும். நானே கூட வந்து பார்த்துக்கறேன்."