கோழி விட்டுப்போன முட்டை

டைபாய்டு வந்து எழுந்த எனக்கு டாக்டர் இரண்டு மாதம் லீவு எழுதிக் கொடுத்தார். அப்போது நான் சிவகாசியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அறுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகி இரண்டாவது வருஷம். திருத்தங்கலில் ஊர் ஓரமாக, கண்மாய்க்குப் பக்கத்தில் எங்கள் வீடு. என் கணவர் பட்டாசு லேபிள் அடிக்கும் பிரஸ்ஸில் வேலை பார்த்தார். நாங்கள் இரண்டு பேர், அவருடைய அம்மா, அவ்வளவுதான் வீட்டில். மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன்.

வார்டில் நாளெல்லாம் நின்று பழகியவளைக் கட்டிலில் படு என்றால் எப்படிப் படுப்பது? அடுப்படி டப்பாக்களை இறக்கித் துடைத்து மறுபடி அடுக்கினேன். பஸ் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போய் நின்றேன். கால் நடுங்கும். வந்து உட்காருவேன். உட்கார்ந்த உடனே எழுந்திருக்கத் தோன்றும்.

"ஏ புள்ள, ஒரு எடத்துல இருக்கவே மாட்டியா? ஒன்னப் பாத்துப் பாத்து எனக்குக் காலு வலிக்கு" என்பாள் அத்தை.

அந்த வருஷம் நல்ல மழை. கண்மாய் நிறைந்து, வாத்து மேய்க்கிறவர்கள் கரையில் வந்து தங்கியிருந்தார்கள். அவர்களில் ஒரு பெண் காலையில் தெருவில் முட்டை விற்றுக்கொண்டு வருவாள். என் உடம்பு தேறட்டும் என்று அத்தை நாலு வாத்து முட்டை வாங்கினாள். அதே நாளில்தான் வீட்டில் ஒரு கோழியை அடைவைக்க எடுத்து வைத்திருந்தாள். நான் வாத்து முட்டையில் ஒன்றை எடுத்து, கோழி முட்டைகளோடு வைத்துவிட்டேன். ஏன் செய்தேன் என்று கேட்டால், வேறு வேலை இல்லை என்பதுதான் பதில்.

அத்தை பார்த்துவிட்டாள். "தின்னுட்டுத் தெம்பா இருன்னு வாங்கினா அடைக்கு வைக்கியாக்கும்" என்றாள். ஆனால் எடுக்கவில்லை.

இருபத்தோராம் நாள் கோழிக்குஞ்சுகள் பொரிந்தன. மறுநாளே தாய்க்கோழி அவற்றைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டது. வாத்து முட்டை மட்டும் கூடையில் கிடந்தது. அத்தை அதைக் கூமுட்டை என்று குப்பைக்குக் கொண்டுபோனாள். நான் ஓடிப்போய் வாங்கிக்கொண்டேன். முட்டைக்காரி முன்னமே எனக்குச் சொல்லியிருந்தாள்: "கோளிக்கு மூணு வாரம் தாயி. வாத்துக்கு நாலு வாரம் வேணும்."

இருட்டு அறையில் முட்டைக்குப் பின்னால் டார்ச்சைப் பிடித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு கருப்பு நிழல். சற்று நேரம் கழித்து அது லேசாக அசைந்தது. உயிர் இருக்கிறது. இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. கோழி இல்லை.

ஒரு பனையோலைப் பெட்டியில் உமியைக் கொட்டினேன். பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றி முட்டைக்கு அணைவாக வைத்தேன். ஜுரம் பார்க்கும் தெர்மாமீட்டரை உதறி உதறி உமிக்குள் செருகி, நூறு டிகிரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கூடினாலும் பயம், குறைந்தாலும் பயம். முட்டையைத் திருப்பி வைக்க வேண்டும். ஓடு காயாமல் வெதுவெதுப்பான தண்ணீர் தெளிக்க வேண்டும். பாட்டில் ஆறினால் மாற்ற வேண்டும். கணவர் சாயங்காலம் வந்ததும் சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே கேட்பார்: "பேஷண்ட் எப்படி இருக்கு?" எந்தப் பேஷண்ட் என்று நான் கேட்பதில்லை.

நான்காவது நாள் மத்தியானம் என்னை அறியாமல் தூங்கிவிட்டேன். ஜுரத்தின் அசதி இன்னும் உடம்பில் இருந்தது. விழித்தபோது வெயில் சரிந்திருந்தது. பாட்டில் சில்லிட்டுக் கிடந்தது. பெட்டியில் முட்டை இல்லை.

அடுப்படிக்கு ஓடினேன். அத்தை அடுப்புக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் முந்தானை மூடியிருந்தது.

"அத்தே, முட்டைய எங்க வச்சீக?"

"இங்கனதான் இருக்கு. கத்தாத." முந்தானையைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினாள். "பாட்டிலு ஆறிப்போச்சு. தூங்குற புள்ளய எளுப்பவா முடியும்? எம்புட்டு நேரமா அசையாம உக்காந்திருக்கேன் தெரியுமா?"

அன்றைக்கு வாத்து முட்டையைப் பற்றி அவள் கேலி பேசவில்லை. மறுநாளிலிருந்து பாட்டில் மாற்றும் வேலையை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டோம்.

இருபத்தேழாம் நாள் ஓட்டில் ஒரு விரிசல் விழுந்தது. காதருகே வைத்தால் உள்ளேயிருந்து மெல்லிய கீச்சொலி. பிறகு மணிக்கணக்காக ஒன்றுமே நடக்கவில்லை. பிரசவ வார்டில் எத்தனையோ பெண்களிடம் "அவசரப்படாதம்மா, தானா வரும்" என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு அந்தப் பொறுமை வரவில்லை. மறுநாள் காலையிலும் விரிசல் அப்படியே இருந்தபோது, நகத்தால் ஒரு சில்லைப் பெயர்த்தேன். உள்தோலில் ஒரு புள்ளி ரத்தம் வந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. குஞ்சைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். ஈரத்துணியால் மூடி வைத்துவிட்டு முற்றத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன். உள்ளே போய்ப் பார்க்கத் தைரியம் இல்லை. அத்தைதான் போய்ப் பார்த்துப் பார்த்து வந்து சொன்னாள்: "கத்துது." அரைமணி கழித்து மறுபடியும்: "இன்னும் கத்துது."

சாயங்காலம் நாலு மணிக்கு அது வெளியே வந்தது. நனைந்த பஞ்சு போல, அலகு மட்டும் பெரிதாக, கழுத்தைத் தூக்க முடியாமல் கிடந்தது. உலர்ந்ததும் மஞ்சளாக உப்பிக்கொண்டது. தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது.

கோழிக் கூட்டத்தோடு விட்டுப் பார்த்தோம். தாய்க்கோழி ஒரே கொத்தில் விரட்டிவிட்டது. அதன் பிறகு அது என்னை விடவில்லை. நான் எழுந்தால் எழுந்தது, நடந்தால் தடுக்கி விழுந்து பின்னாலேயே ஓடி வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் போனால் வீடே அதிரும்படி கத்தும். ஓடி ஓடி அதற்கு மூச்சு வாங்குவதைப் பார்த்து நானே உட்கார ஆரம்பித்தேன். காலுக்கு அடியில் வந்து படுத்துக்கொள்ளும். கணவர் பிரஸ்ஸிலிருந்து லேபிள் வெட்டிய கழிவுத் துண்டுகளை ஒரு பை கொண்டுவந்து படுக்கையாகப் போட்டார். சிவப்பும் பச்சையுமான துண்டுகளுக்குள் அது தூங்கியது. ஊறவைத்த கம்பையும் பொடியாக நறுக்கிய கீரையையும் தின்றது.

ஒரு வாரம் போனது. வாத்துதானே, நீந்தட்டும் என்று துவைக்கிற தொட்டியில் விட்டேன். ஆனந்தமாகச் சுற்றியது. நான் கொடியில் துணி எடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் ரோமமெல்லாம் தண்ணீர் ஊறி, கழுத்து தொங்கி மிதந்தது. அள்ளி எடுத்தேன். உடம்பு சில்லென்று இருந்தது. துடைத்து, என் கழுத்தோடு அணைத்து, அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தேன். அத்தை துணியைச் சூடு காட்டிக் காட்டிக் கொடுத்தாள். வெகுநேரம் கழித்து என் காதுக்குக் கீழே ஒரு சின்னக் கீச்.

மறுநாள் முட்டைக்காரியிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். "தாய் வாத்து மேல உரசி உரசித்தான் குஞ்சு மேலுல எண்ணெய்ப்பசை வரும் தாயி. ஒங்க மேல உரசுனா என்ன வரும்?"

லீவு முடிந்தது. டியூட்டிக்குக் கிளம்பிய முதல் நாள், அதன் கத்தல் தெருமுனை வரை கேட்டது. பஸ்ஸில் ஏறியும் காதில் அதுதான். வார்டில் ஒரே மருந்தை இரண்டு தடவை எடுத்து வைத்து சிஸ்டரிடம் திட்டு வாங்கினேன். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி ஏறக்குறைய ஓடினேன். வீடு அமைதியாக இருந்தது. பயந்துபோய் உள்ளே நுழைந்தேன்.

முற்றத்தில் அத்தை சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கண்டாங்கியைத் தவிர வேறு எதுவும் கட்டாதவள், என் வெள்ளை நர்ஸ் சேலையைக் கட்டியிருந்தாள். காலடியில் வாத்துக்குஞ்சு.

"மத்தியானம் வர உசுரு போகக் கத்துச்சு. ஒன் சேலையக் கட்டுன பொறவுதான் வாய மூடுச்சு" என்றாள். "சிரிக்காத. தெருவுல எல்லாரும் சிரிச்சு முடிச்சாச்சு."

அது பெட்டை. அடுத்த மழைக்காலத்துக்குள் வளர்ந்து முட்டையிட ஆரம்பித்தது. வீட்டில் நிலைகொள்ளவில்லை. வேலிக்கும் கிணற்றடிக்குமாக நடந்தபடியே இருக்கும். முட்டைக்காரியின் வாத்துக் கூட்டம் மறுபடி கண்மாய்க்கு வந்த அன்று, அந்தச் சத்தம் கேட்டுக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. சாப்பிடவில்லை.

மூன்று பேரும் அதைக் கரைக்குக் கொண்டுபோனோம். முதல் நாள் தண்ணீரில் இறங்கிவிட்டு என்னிடமே ஓடி வந்தது. இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் கூட்டத்துக்குள் போய்விட்டது. அத்தனை வாத்துகளில் எது நம்முடையது என்று எனக்கே தெரியாமல் போனது.

"கறிக்கு வித்துர மாட்டியே?" என்று முட்டைக்காரியிடம் கேட்டேன்.

"முட்ட போடுற வர விக்க மாட்டேன் தாயி. அதுக்கு மேல பொய் சொல்ல மாட்டேன்."

தண்ணீர் வற்றும் முன்பே அவர்கள் ராஜபாளையம் பக்கம் போய்விட்டார்கள். அடுத்த வருஷம் வந்தது வேறு குடும்பம். அவளைத் தெரியாது என்றார்கள். அதற்கப்புறமும் மழை முடிந்ததும் டியூட்டிக்குப் போகும் வழியில் கண்மாய்க் கரையில் ஏறி நிற்பேன். சில சமயம் பஸ்ஸையும் விட்டிருக்கிறேன்.