மாமியாரின் கூடையும் என் தகர டப்பாத் தோட்டமும்

என் மாமியார் என்னிடம் நேராகப் பேசமாட்டார். கோபமெல்லாம் இல்லை, மரியாதை. மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசுவது அவர்கள் வீட்டில் வழக்கமில்லை. சொல்ல வேண்டியதைக் கதவு மறைவில் நின்றபடி என் மனைவியிடம் சொல்வார். மனைவி அடுப்படியில் இருந்தால் கதவிடமே சொல்லிவிடுவார். நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். என் குறைகளை எங்கள் வீட்டுக் கதவு அறிந்த அளவுக்கு வேறு யாரும் அறிந்ததில்லை.

அது எண்பதுகளின் தொடக்கம். ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் எனக்கு ரைட்டர் வேலை. காலையில் ஆள் எண்ணுவது, சாயங்காலம் கூடை எண்ணுவது, நடுவில் முக்கியமான ஆள்போல் நடப்பது, இவ்வளவுதான். எஸ்டேட் கொடுத்த வீடு பாறைமேல் இருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சைக் காடு, வாசலில் மட்டும் ஒரு பிடி மண் கிடையாது. அதனால் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வரும்போதெல்லாம் மாமியார் மலைக்குக் கீழே ஓமலூர்ப் பக்கத்தில் உள்ள தன் தோட்டத்திலிருந்து ஒரு கூடை காய்கறியைப் பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு வருவார். நடுவீட்டில் அதைத் தொப்பென்று வைத்துவிட்டுக் கதவைப் பார்ப்பார்.

"மலைமேல என்னத்த மொளைக்கும்? பனியும் கொரங்குந்தான். எம்புள்ள ஒரு பச்ச மொளகாய்க்குச் சந்தைக்கு ஓடுது."

ஒரு வருஷம் எனக்கு எங்கிருந்தோ ரோஷம் வந்துவிட்டது. நானும் நேராகப் பேசமுடியாதல்லவா, மனைவியைப் பார்த்துச் சொன்னேன்: "அடுத்த சேர்வராயன் நோம்பிக்குக் கூடயத் தூக்கிட்டு வரவேண்டாம்னு சொல்லு. நம்மூட்ல வெளஞ்சத வச்சே விருந்து போடறோம்."

மனைவி என்னைப் பார்த்த பார்வையில் 'எந்த ஊட்ல?' என்ற கேள்வி இருந்தது. கதவுக்குப் பின்னால் ஒரு சின்னச் சிரிப்பு.

"சரிங்கன்னு சொல்லு கண்ணு. ஆனாலும் கூடயக் கொண்டாரேன். எதுக்கும் இருக்கட்டும்."

அந்த 'எதுக்கும் இருக்கட்டும்' எனக்குள் முள்ளாக நின்றது. அந்தக் கூடை பிரிக்கப்படாமலே திரும்பிப் போகவேண்டும். அன்றைக்கு என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய லட்சியம் எதுவும் இல்லை.

தொட்டி வேட்டை தொடங்கியது. பிஸ்கட் தகரம், பெயின்ட் டப்பா, அடி நசுங்கிய வாளி என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்தேன். எஸ்டேட் பங்களாவின் பழைய சாமான் அறையை ஒழித்தபோது வெள்ளை எனாமலில் நீல விளிம்பு வைத்த, பிடியோடு கூடிய பாத்திரம் ஒன்று கிடைத்தது. பார்க்க அவ்வளவு லட்சணம். வெள்ளைக்காரத் துரைகள் அதைக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தார்களாம், குளிர் இரவில் எழுந்து வெளியே போகச் சோம்பல்பட்டு. இதைக் கேட்டதும் மனைவி வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"இத ஊட்டுக்குள்ள கொண்டாந்தீங்கன்னா நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவேன்."

மூன்று தடவை சாம்பல் போட்டுத் தேய்த்து வெயிலில் காயவைத்தபிறகு, வாசலின் கடைசி மூலையில் அதற்கு இடம் கிடைத்தது.

விதைத்தேன். தக்காளி விதையை விரல் முழுக்க உள்ளே போகும் ஆழத்துக்கு ஊன்றினேன். முருங்கைக் கிளையை அப்படித்தானே ஊன்றுகிறார்கள்? கொத்தமல்லியை ரசத்துக்குப் போடுவதுபோல அள்ளித் தூவினேன். டப்பாவின் அடியில் துளை போட வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஏற்காட்டு மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரத்தில் என் தோட்டம் வரிசையாக வைத்த குட்டைகளாகிவிட்டது. பிஸ்கட் தகரத்தில் தவளை ஒன்று குடியேறியது. என் தோட்டத்தில் நன்றாக வளர்ந்த முதல் ஜீவன் அதுதான்.

ஆணியால் துளை போட்டு மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை உரம் வேண்டுமே! காப்பிப் பழ சீசன் அது. பழத்தை மிஷினில் அரைத்துக் கொட்டை எடுத்தபின் தோல் மலைபோல் குவிந்து கிடக்கும். மக்கினால் அது நல்ல உரம் என்பது எல்லோருக்கும் தெரியும். 'மக்கினால்' என்ற சொல் மட்டும் என் காதில் ஏறவில்லை. சூடு பறக்கப் பறக்கக் கொண்டுவந்து நிரப்பினேன். பச்சைத் தோல் அழுகும்போது டப்பாவே கொதிக்கும் என்பதை நாற்றுகள் செத்தபிறகுதான் தெரிந்துகொண்டேன். ஈக்கு மட்டும் குறைவில்லை. எங்கள் வீட்டைத் தாண்டிப் போனவர்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வணக்கம் சொன்னார்கள்.

ஒரே ஒரு டப்பாவில் மட்டும் ஒரு செடி தளதளவென்று நின்றது. மிளகாய்! அதற்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். வெயிலுக்குக் குடை பிடித்தேன். பொங்கல் சீரோடு மாமியார் வந்தார். செடியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். கதவிடம் போனார்.

"ஏங் கண்ணு, உங்கூட்டுக்காரங்க களைச்செடிக்கு என்ன ஒரம் போடறாங்கன்னு கேளு. நம்ம காட்ல அது ஒரமில்லாமயே மண்டிக்கெடக்குது."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாள். அடுப்பை அணைக்கத்தான் போனாளாம்.

மறுநாள் காலை ஆள் எண்ணுவதற்காகக் காப்பி நாற்றங்காலில் நின்றேன். வருஷக்கணக்காகத் தினமும் நிற்கிற இடம். எண்ணியது ஆட்களை மட்டும்தான், அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். மண்ணைச் சலிக்கிறார்கள். பழைய சாணி எருவும் மணலும் கலக்கிறார்கள். விதையைப் புதைக்காமல், போர்வை போர்த்துகிற மாதிரி மேலே லேசாக மண் தூவுகிறார்கள். பூவாளியால் தண்ணீர் தெளிக்கிறார்கள். மேலே பந்தல் போட்டுத் தழை பரப்பியிருக்கிறார்கள். லட்சக்கணக்கில் நாற்று வளர்க்கிற பள்ளிக்கூடத்தில் நான் வருகைப் பதிவு எடுக்கிற வாத்தியார், பாடம் மட்டும் படித்ததில்லை!

அந்த நாற்றங்காலை அப்படியே என் வாசலுக்குச் சுருக்கினேன். மனைவியின் மாவுச் சல்லடையில் மண் சலித்தேன். அதற்காக வாங்கிய வசவை இங்கே எழுதமுடியாது. ஓட்டைச் செம்பு பூவாளியாயிற்று. கொத்தமல்லியைத் தரையில் பரப்பிச் செருப்பால் தேய்த்து இரண்டாக உடைத்துப் போட்டேன். முதல் தடவை தேய்த்த வேகத்தில் அது மல்லித்தூளாகிவிட்டது, அதைக் குழம்புக்குக் கொடுக்கப் போய் மறுபடி வசவு. மக்கிக் கறுத்த பழைய காப்பித் தோலை ஒரே ஒரு கைப்பிடி மட்டும் சேர்த்தேன்.

முளைத்தன. தக்காளியும் கத்தரியும் மிளகாயும் முள்ளங்கியும் ஈர மண்ணை முட்டிக்கொண்டு எழுந்த காலையில், வீட்டிலிருந்த எல்லோரையும் எழுப்பினேன். வீட்டில் இருந்தது மனைவி மட்டும்தான். அவளை இரண்டு தடவை எழுப்பினேன். கூரையிலிருந்து கயிறு கட்டி அவரையை ஏற்றினோம். கால் உடைந்த ஸ்டூலின்மேல் செண்டுமல்லி மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பூத்தது. துரைப் பாத்திரத்தில் போட்ட கொத்தமல்லி இருக்கிறதே, அதன் அழகு தனி! மற்ற டப்பாக்களில் விரல் உயரம்கூடத் தேறாத மல்லி அங்கே பாத்திரம் கொள்ளாமல் வழிந்து நின்றது.

தக்காளி பழுக்க ஆரம்பித்ததும் குரங்குகள் வந்தன. முதல் பழத்தை ஒன்று பறித்து, ஒரு கடி கடித்து, பிடிக்காமல் என்மேலேயே எறிந்தது. கோழி மூடுகிற பஞ்சாரங்களை வாங்கிவந்து செடிகளின்மேல் கவிழ்த்துக் கல் வைத்தேன். பக்கத்து ஊரான வாழவந்திக்குப் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"ஏனுங் ரைட்டரே, கோழி எத்தன முட்ட போடுதுங்?"

"செவப்பா நாலு போட்டிருக்குதுங். அடை காக்குதுங்."

திருவிழா வந்தது. மாமியார் வந்தார். கூடையும் வந்தது, வழக்கத்தைவிடப் பெரிய கூடை. நடுவீட்டில் தொப்பென்று உட்கார்ந்தது. வாசல் நிலையில் என் செண்டுமல்லி மாலை தொங்கியது. மாமியார் அதை விரலால் நெருடிப் பார்த்தார், கடைப்பூவா என்று. கோயிலுக்குப் போய்த் திரும்பி வந்ததும் இலை போட்டோம். கத்தரிக்காய்க் குழம்பு, அவரைக்காய்ப் பொரியல், முள்ளங்கித் துவையல், தக்காளி ரசம். ரசத்தின்மேல் கொத்தமல்லி. அரிசி, பருப்பு, புளி, உப்பு, எண்ணெய், மசாலா நீங்கலாக எல்லாம் என் டப்பாக்களில் விளைந்தது.

நான் வாசலில் நின்றுகொண்டு, காது மட்டும் உள்ளே இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். பந்தி ரசத்துக்கு வந்தபிறகுதான் மாமியாரின் குரல் கேட்டது.

"இன்னங் கொஞ்சம் ரசம் ஊத்து கண்ணு. மல்லி வாசம் நொம்ப நல்லாருக்குது."

மனைவி வாசல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் 'எதில் விளைந்ததென்று சொல்லட்டுமா?' என்ற மிரட்டல் இருந்தது. நான் வானத்தைப் பார்த்தேன்.

கை கழுவியதும் மாமியார் வாசலுக்கு வந்தார். பஞ்சாரம் ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்தார். அவரைக் கொடியை இழுத்துப் பார்த்தார். கடைசி மூலைவரை போய் நின்றார். எனக்குப் பக்கத்தில் கதவு இல்லை, மனைவி இல்லை, பேச்சை வாங்கிக்கொள்ள ஒரு தூண்கூட இல்லை. அவர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தொண்டையைச் செருமி, கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"ஏனுங் மாப்ள, எனக்குங் கொஞ்சம் வெத குடுங்க."

ஓமலூர்த் தோட்டத்துக்காரி, பாறைமேல் குடியிருக்கிற ரைட்டரிடம் விதை கேட்கிறார்! சேர்வராயன் மலையையே என் தலையில் தூக்கி வைத்தது போலிருந்தது. கனம் தெரியவில்லை, உயரம் மட்டும் தெரிந்தது. "எது வேணுமோ எடுத்துக்குங்க" என்று தாராளமாகக் கையை விரித்தேன். அங்கேதான் அவசரப்பட்டுவிட்டேன்.

"அப்ப அந்த வெள்ளச் சட்டிய மல்லியோட குடுத்துருங்க. நொம்ப லட்சணமா இருக்குது."

உள்ளே ஒரு டம்ளர் கீழே விழுந்து உருண்டது. மனைவிதான்.

மறுநாள் பஸ் கூரையில் பிரிக்காத கூடை ஊருக்குத் திரும்பியது. அதற்குப் பக்கத்தில் கயிறு போட்டுக் கட்டிய துரைப் பாத்திரம், கொத்தமல்லி தலையாட்ட, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கியது. அடுத்தமுறை நாங்கள் ஓமலூர்ப் பக்கம் போனபோது அது வாசல் முகப்பில், வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற இடத்தில், கோலத்துக்கு நடுவே நின்றது. வந்த சொந்தக்காரர்களிடமெல்லாம் மாமியார் சொல்லிக்கொண்டிருந்தார், கதவிடம் அல்ல, சத்தமாக, எல்லோர் முகத்தையும் பார்த்து:

"எங்க மாப்ள குடுத்ததுங்க!"